பிடிக்காத சத்தம்

ஜீனத்துக்கு வாய்தான் எதிரி என்று அவள் புருஷன் சௌக்கத் அலி கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிவந்தார். அவர் சொன்னது சரிதான் என்று அவளுக்கு முதன்முதலாகப் பட்டது, படம் எடுக்க வந்த பெண் கேமராவை மூட்டை கட்டிக்கொண்டு போய்ப் பல மாதம் கழித்துத்தான். அதற்குள் காரியம் கெட்டுவிட்டிருந்தது.

தண்டையார்பேட்டையில், லாரி நுழைய முடியாத தெரு ஒன்றில் அவர்களுடைய மாடி வீடு. கீழே முன்னறையை ஜீனத் தையல் கடையாக வைத்திருந்தாள். பெண்களுக்கு மட்டும். மாடியில் கரோலின். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் புருஷன் பிராங்கிளின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இருபது வருஷத்துக்கு மேலாக இரண்டு குடும்பத்துக்கும் ஒரே படிக்கட்டு, ஒரே மோட்டார், ஒரே தண்ணீர்த்தொட்டி. நோன்புக் கஞ்சி மேலே ஏறும், கிறிஸ்துமஸ் கேக் கீழே இறங்கும். ஜீனத்தின் மகள் ரூஹிக்குப் பிரசவ வலி எடுத்தபோது கரோலின்தான் லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். பிறந்த குழந்தையை முதலில் தூக்கியவளும் அவள்தான்.

குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்று. கரோலின் பாடுவாள்.

ராத்திரி டியூட்டி முடிந்து காலையில் வந்து, குளித்து, துணி துவைத்து, மொட்டை மாடியில் காயப்போடும்போது பாட ஆரம்பிப்பாள். குரல் பெரிய குரல். சுருதிதான் அவளோடு சேர்ந்து வராது. பாட்டு கீழே இருக்கும்வரை அது என்ன பாட்டு என்று கண்டுபிடித்துவிடலாம். மேலே ஏறத் தொடங்கியதும் மாடிப்படியில் பித்தளை அண்டா உருளுகிற மாதிரி ஆகிவிடும். எதிர்வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

தெருவில் ஒருத்தரும் அவளிடம் இதைச் சொன்னதில்லை. தெரு முழுக்க ஊசி போடுகிறவள் அவள். பிரஷர் பார்ப்பாள், சர்க்கரை பார்ப்பாள், ஒரு பைசா வாங்க மாட்டாள். உங்கள் இடுப்பில் நாளைக்கு ஊசி குத்தப்போகிறவளிடம் அவள் பாட்டைப் பற்றி இன்றைக்கு யார் பேசுவார்கள்? எல்லோரும் "நல்லா கீது" என்றார்கள். ஜீனத்தும் இருபது வருஷமாக அப்படித்தான் சொன்னாள்.

படம் எடுத்த பெண்ணின் பெயர் மோகனப்ரியா. கோயம்புத்தூர்க்காரி. வடசென்னையின் சத்தங்களைப் பற்றி ஒரு ஆவணப்படம் எடுப்பதாகச் சொன்னாள். காசிமேட்டில் மீன் ஏலம், துறைமுகத்தில் கப்பல் சங்கு, எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் என்று ஒரு வருஷமாக மைக்கை நீட்டிக்கொண்டு திரிந்தவள், தையல் மெஷின் சத்தம் வேண்டும் என்று ஜீனத்தின் கடைக்கு வந்தாள். மைக்கின் தலையில் பூனை மயிர் மாதிரி என்னவோ சுற்றியிருந்தது. அதைப் பார்த்ததும் ஜீனத்துக்குக் குஷி வந்துவிட்டது.

"உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சத்தம் எதுங்க்கா?"

"பக்கத்து வூட்டு குக்கரு விசிலு."

"உங்க வீட்டு குக்கர் இல்லீங்களா?"

"நம்ம வூட்டு குக்கருன்னா ஏந்து போய் அணைக்கணுமே."

மோகனப்ரியா சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் ஜீனத்தைக் கெடுத்தது.

"சரிங்க்கா, பிடிக்காத சத்தம்?"

சரியாக அந்த நேரத்தில் மொட்டை மாடியில் பாட்டு ஆரம்பித்தது. ஜீனத் கத்தரிக்கோலால் கூரையைக் காட்டினாள்.

"தோ. இதான். கரோலினு பாட்றது. கப்பல் சங்கு கூட ஒரு தபா ஊதிட்டு கம்முனு பூடும்மா. இது நிக்காது. ஏசுநாதரே எறங்கி வந்து, போதும் தாயி, எனக்கு கேட்டுட்ச்சினு சொன்னாத்தான் நிக்கும்."

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நடித்தும் காட்டினாள். ஒரு கையைக் காதில் வைத்து, இன்னொரு கையில் இல்லாத ஈரப் புடவையை உதறி, கண்ணை மேலே செருகி, அண்டா உருளுகிற இடம்வரை அப்படியே பாடிக் காட்டினாள். மோகனப்ரியாவின் கையிலிருந்த கேமரா குலுங்கியது.

அதன் பிறகு அந்தப் பெண் மாடி ஏறிப்போய் கரோலினிடமும் பேசினாள் என்பது ஜீனத்துக்குத் தெரியும். படம் வெளியே வரும் என்பதுதான் அவளுக்குத் தோன்றவேயில்லை. கல்யாண வீடியோவையே வாங்கி வந்து பீரோவில் வைத்துப் பூட்டுகிற தெரு அது.

மாதங்கள் போயின. ஜூன் மாத வெயிலில் ஒருநாள் கரோலின் படியிறங்கி ஓடிவந்தாள். கையில் செல்போன்.

"ஜீனத்து! நம்ம படம் வருதுடி! ராயபுரத்துல அந்தப் பழைய கோடவுன மியூசியமா மாத்திகிறாங்கல்ல, அங்க. ஓவியம், சிலையெல்லாம் வெச்சிகிறாங்களே. மாசத்துல ஒரு சனிக்கெழம இந்த மாதிரி படம்லாம் போட்றாங்களாம். நம்மளத் தனியா கூப்ட்டுகிது அந்தப் பொண்ணு. டிக்கெட்டே இல்ல, ஏசி!"

கட்டிலில் படுத்திருந்த சௌக்கத் அலி "ஏசி" என்ற சொல்லுக்கு எழுந்து உட்கார்ந்தார். "மியூசியமா? செத்த காலேஜா?"

"அது எழும்பூரு. இது புச்சு. தெருவுல அல்லாருக்கும் சொல்லிட்டேன். பிராங்கிளினு வேன் பேசுறாரு."

ஜீனத்தின் கையில் ஊசி குத்தியது. மெஷின் ஊசி.

கரோலின் மாடிக்குப் போனதும் ஜீனத் கடையின் கதவைச் சாத்திவிட்டு மோகனப்ரியாவுக்கு போன் போட்டாள்.

"அம்மாடி, நான் ஒன்னு சொன்னேனே, கரோலினு பாட்ட பத்தி. அத்த மட்டும் வெட்டிடு கண்ணு. மீதி இன்னா வேணா வெச்சிக்க."

"ஐயோ அக்கா, படத்துலயே பெஸ்ட் அதுதானுங்க்கா! எடிட்டர் விழுந்து விழுந்து சிரிச்சார்."

"அவரு சிரிப்பாரு. அவருக்கு யாரு ஊசி போட்றா?"

"படம் முடிஞ்சிருச்சுங்க்கா. மியூசியத்துக்கும் குடுத்தாச்சு. இனிமே கை வைக்க முடியாதுங்க. கவலைப்படாதீங்க, கரோலின் அக்கா ஸ்போர்ட்டிவா எடுத்துக்குவாங்க."

கரோலின் ஒருமுறை இட்லியில் உப்பு போதவில்லை என்று சொன்ன பிராங்கிளினிடம் ஒரு வாரம் எழுதிக்காட்டியே பேசினவள் என்பது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்.

இனி ஒரே வழி, கரோலினைப் போகவிடாமல் செய்வதுதான். டியூட்டி இருக்கும் என்று நம்பினாள். கரோலின் மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வேன்காரன் ஏமாற்றிவிடுவான் என்று நம்பினாள். அவன் முன்பணமே வேண்டாம் என்றான், அவன் அம்மாவுக்கு கரோலின்தான் இன்சுலின் போடுகிறாள். கடைசியில் நம்பிக்கை தானாக வந்து மேஜைமேல் விழுந்தது. படத்துக்குக் கட்டிப்போக கரோலின் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை எடுத்திருந்தாள். ரவிக்கை தைக்க வேண்டும்.

"சனிக்கெழம காலைல குடுத்தா போதும்டி. இது இல்லாம நான் வரமாட்டேன். வெள்ளித் திரைல வரப்போறேன், பழைய ரவிக்கையோடயா குந்துவேன்?"

ஜீனத் அல்லாவுக்கு நன்றி சொன்னாள். ரவிக்கை தயாராகாது. தையல்காரி ரவிக்கையைத் தாமதப்படுத்துவதில் உலகத்தில் யாரும் சதி இருப்பதாக நினைக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை முழுக்கத் துணியைத் தொடவில்லை. சனிக்கிழமை காலையில் கரோலின் வந்து நின்றாள்.

"மெஷின்ல பெல்ட்டு அந்துபோச்சு கரோலினு. இன்னா பண்றதுனு தெர்ல."

கரோலின் குனிந்து பார்த்தாள். "நல்லாத்தானே கீது?"

"உள்பெல்ட்டு."

"அப்ப கையால தெச்சிக் குடு. எனக்கு இன்னா வேல. நான் இங்கியே குந்திக்கிறேன்."

குந்தினாள். குந்தியவள் சும்மா இருக்கவில்லை. பாடினாள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் ஜீனத் இல்லாத உள்பெல்ட்டைச் சரிசெய்து மெஷினை ஓட்ட ஆரம்பித்திருந்தாள். சத்தத்தைச் சத்தத்தால் அடக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ரவிக்கையின் கையை இறுக்கமாக வைத்துத் தைத்துவிடலாம், போட முடியாமல் போகும் என்று ஒரு கணம் நினைத்தாள். அவள் கை அதற்கு ஒத்துழைக்கவில்லை. முதுகில் வைத்த வளைவு அவள் வாழ்க்கையிலேயே அழகாக அமைந்துவிட்டது. கரோலின் கண்ணாடி முன்னால் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் வேறு கொடுத்தாள்.

"ஒன்னிய மாதிரி தோஸ்து எவளுக்குடி கெடப்பா?"

ஜீனத் மேஜைமேல் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

சாயங்காலம் வேன் நிறையத் தெரு ஏறியது. மியூசியத்தின் வாசலில் இறங்கியதும் சௌக்கத் அலி உள்ளே எட்டிப் பார்த்தார். தரை பளபளவென்று முகம் தெரிகிற மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். பின்னால் வந்த தெரு முழுக்கக் கழற்றியது. கொஞ்ச நேரத்தில் பெசன்ட் நகர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த நாலைந்து பேர் அந்தச் செருப்புக் குவியலைப் பார்த்துத் தயங்கினார்கள், தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள், பிறகு குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார்கள். காவலாளி யாருக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஓவியங்கள் மாட்டிய நீளமான கூடத்தைக் கடந்தால் படம் காட்டுகிற அறை. நடுவழியில் ஒரு பெரிய சட்டம் முழுக்கக் கறுப்பு. பிராங்கிளின் அதன் முன்னால் நின்று, "கரண்டு போனப்போ வரஞ்சிருப்பாரு" என்றார். கரோலின் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

முன்வரிசையிலேயே இடம். ஒரு பக்கம் கரோலின், மறுபக்கம் சௌக்கத் அலி, நடுவில் ஜீனத். பின்னால் தப்பிக்க வழியில்லை. விளக்கு அணைந்தது. கடல் சத்தம் வந்தது. பிறகு சரக்கு ரயில். காசிமேட்டில் ஏலக்காரர் கூவினார். காலடிப்பேட்டையில் ஒருவர் தெருக்கோடியில் நின்று கடலைச் சட்டியைத் தட்டினார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சௌக்கத் அலி ஏசிக் காற்று நேராக விழும் வாகில் தலையைச் சாய்த்து நிம்மதியாக இருந்தார். ஜீனத்துக்கு மட்டும் வியர்த்தது.

திரையில் கரோலின் வந்தாள். பின்வரிசையில் தெருக்காரர்கள் விசில் அடித்தார்கள். மோகனப்ரியாவின் குரல் மட்டும் கேட்டது. உங்களுக்குப் பிடிச்ச சத்தம் எதுங்க்கா?

"எனக்கா?" என்றாள் திரையில் கரோலின். மொட்டை மாடியில், ஈரத் துணிகளுக்கு நடுவே நின்றாள். "ஆஸ்பத்திரில ராத்திரி பூரா மெஷினு சத்தம்மா. பீப்பு பீப்புன்னு. அது நின்னுட்ச்சினா ஒரு ஆளு பூட்டான்னு அர்த்தம். காலைல டூட்டி முடிச்சிகினு வரச்சொல்ல, தெருமுனைல திரும்புனா கீழ்வூட்டு ஜீனத்து மெஷினு கேக்கும். டர்ர்ருனு. இந்த மெஷினு நின்னா ரவிக்க ரெடின்னு அர்த்தம். அவ்ளோதான். அத்த கேட்டாத்தான் எனக்கு, அப்பாடா, வூட்டுக்கு வந்துட்டோம்னு இருக்கும்."

இருட்டில் கரோலினின் கை வந்து ஜீனத்தின் கையைப் பிடித்துக்கொண்டது. ஜீனத் பதிலுக்கு இறுக்கிப் பிடித்தாள். அழுகையா, பயமா என்று அவளுக்கே விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. திரையில் அடுத்ததாக அவள் கடைப் பலகை வந்தது. பிறகு அவள் முகம், ஒரு லாரி அகலத்துக்கு. "சரிங்க்கா, பிடிக்காத சத்தம்?" என்று கேட்டது மோகனப்ரியாவின் குரல். திரையிலிருந்த ஜீனத் கத்தரிக்கோலைத் தூக்கினாள்.

கீழேயிருந்த ஜீனத் "யா அல்லா" என்று நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தாள்.

முன்கூட்டியே யோசித்ததெல்லாம் இல்லை. வேறு ஒன்றும் தோன்றவில்லை. யாரோ கத்தினார்கள், படம் நின்றது, விளக்கு வந்தது. "தண்ணி, தண்ணி!" என்றார்கள். "காத்து வுடுங்க!" என்று சொல்லியபடி எல்லோரும் வந்து சூழ்ந்து நின்றார்கள். ஜீனத் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். தரை ஜில்லென்று சுகமாக இருந்தது. இப்படியே வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள்.

கூட்டத்தில் ஒரு நர்ஸ் இருப்பதை அவள் மறந்துபோயிருந்தாள்.

கரோலின் மண்டியிட்டு உட்கார்ந்து நாடி பிடித்தாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு விரல் முட்டியை ஜீனத்தின் நெஞ்செலும்பில் வைத்து ஒரு திருகு திருகினாள். மயக்கம் உண்மையா என்று பார்க்க ஆஸ்பத்திரியில் செய்வது. ஜீனத் "ஐயோ, பாவி!" என்று எழுந்து உட்கார்ந்தாள்.

கரோலின் அவள் காதருகே குனிந்தாள். "இன்னாடி நாடகம்?"

"வூட்டுக்குப் போலாம் கரோலினு. எனக்கு ஒரு மாதிரி கீது."

"எதுக்கோசரம்? நான் ஒன்னிய பத்திப் பேசுனத கேட்டு அழுதுட்டியா? லூசு." கரோலின் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "ஒன்னியும் இல்ல, பசி மயக்கம். பயப்படாதீங்க. சார், மெஷின்ல கீற சார்! அவ சரியா கேக்கல. நான் பேசுனதுலேர்ந்து இன்னொரு தபா போடுங்க."

புரொஜெக்டர்காரர் நல்ல மனிதர். இன்னொரு தபா போட்டார். கரோலின் மறுபடி ஜீனத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த முறை ஒருவர்கூட செல்போனைப் பார்க்கவில்லை. ஒரு பெண் மயங்கி விழுகிற அளவுக்கு இந்த இடத்தில் என்ன வருகிறது என்று அறை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. பீப்பு பீப்பு வந்தது. டர்ர்ர் வந்தது. அப்பாடா வந்தது. கத்தரிக்கோல் வந்தது. "தோ. இதான். கரோலினு பாட்றது" வந்தது. ஏசுநாதர் வந்தார். பிறகு இல்லாத ஈரப் புடவை, செருகிய கண், உருளும் அண்டா.

அப்புறம் அறை இடிந்து விழுந்தது போலச் சிரிப்பு. தெருக்காரர்கள்தான் முதலில் சிரித்தார்கள். இருபது வருஷமாக அடக்கி வைத்திருந்தது. எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் பிராங்கிளின். அவர் நாற்காலியின் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார், மூச்சு வாங்கினார், "ஏசுநாதரே எறங்கி வந்து" என்று சொல்லப்போய் முடிக்க முடியாமல் மறுபடி சிரித்தார். பிறகு பக்கத்தில் திரும்பினார். சிரிப்பு அப்படியே உறைந்தது.

கரோலின் திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜீனத்தின் கையைப் பிடித்திருந்த அவள் கை எப்போது விலகியது என்று தெரியவில்லை.

படம் முடிந்தது. மோகனப்ரியா மேடையேறினாள். கேள்வி நேரம். தாடி வைத்த ஒருவர் மைக்கை வாங்கி, இந்த இரைச்சலை ஓர் எதிர்ப்பின் மொழியாக வாசிக்க முடியுமா, அதில் மௌனத்துக்கு என்ன இடம் என்று நீளமாகக் கேட்டார்.

"இன்னா கேக்குறாரு?" என்றார் பிராங்கிளின்.

"பாத்ரூம் எங்க கீதுனு கேக்குறாரு போல" என்றார் சௌக்கத் அலி. "சுத்தி வளைக்கிறாரு பாவம்."

தாடிக்காரர் உட்கார்ந்ததும் முன்வரிசையில் மயில்கழுத்துப் பட்டு எழுந்தது. கரோலின் மைக்கைக் கேட்டு வாங்கினாள். ஜீனத்துக்கு இப்போது நிஜமாகவே மயக்கம் வரும்போலிருந்தது.

"படம் சோக்கா கீதும்மா" என்றாள் கரோலின். "ஆனா ஒரு கொற. என் பாட்ட பத்தி இவ சொன்னத போட்டுகிற. நான் பாட்னத போடல. ஒரு பக்கம் மட்டும் கேட்டா இது இன்னா நியாயம்? ஜனங்க எப்டி தீர்ப்பு சொல்லும்?"

அறை கைதட்டியது. மோகனப்ரியாவும் தட்டினாள். பாவம், அவளுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாது.

கரோலின் மேடையேறி, ஜீனத்தை நேராகப் பார்த்தபடி பாடினாள். கிறிஸ்துமஸ் பாட்டு. டிசம்பர் வர இன்னும் ஆறு மாதம் இருந்தது. மொட்டை மாடியில் காற்றோடு போகிற குரல் அது. இங்கே நாலு சுவரும் நல்ல ஸ்பீக்கரும் இருந்தன. முதல் சரணத்தில் எல்லோரும் புன்னகைத்தார்கள். இரண்டாவதில் புன்னகையை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளப் பாடுபட்டார்கள். மூன்றாவதில் பாட்டு மேலே ஏறியபோது மைக்கே ஒருமுறை வீல் என்று கத்தியது. தாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார், ரசிப்பதற்காக என்று வைத்துக்கொள்ளலாம். நான்காவது சரணமும் உண்டு என்பது அந்த அறையில் தெருக்காரர்களுக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

முடிந்ததும் பலத்த கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். கரோலினின் முகம் பூத்துவிட்டது. மேடையிலிருந்து இறங்கி ஜீனத்தைக் கடந்து போகும்போது நின்றாள்.

"பாத்தியா? அல்லாரும் படிச்சவங்க. ஏந்து நின்னு தட்றாங்க."

ஜீனத் தலையை ஆட்டினாள். இந்த ஒருமுறை அவள் வாய் அவளுக்கு உதவியது. திறக்கவில்லை.

வெளியே வந்து அவரவர் செருப்பைத் தேடிக் குனிந்தபோது, கரோலின் பிராங்கிளினிடம் சொன்னாள். "நீ அவங்கள இட்டுகினு வேன்ல போ. நானும் ஜீனத்தும் ஆட்டோல வரோம்." தெரு முழுக்க ஜீனத்தைப் பரிதாபமாகப் பார்த்தது. சௌக்கத் அலி போகிற போக்கில், "நான் வேணா கூட..." என்று ஆரம்பித்து, கரோலினின் முகத்தைப் பார்த்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டார்.

ஆட்டோ புறப்பட்டது. மேம்பாலம் வந்தது. கரோலின்தான் ஆரம்பித்தாள்.

"அவ்ளோ மோசமாவா கீது?"

ஜீனத் தன் புர்காவின் நுனியைத் திருகினாள். "ஆரம்பம்லாம் நல்லாத்தான் கீது."

"அப்பால?"

"மேல ஏறச்சொல்ல... நீ ஒரு பக்கம் போற, பாட்டு ஒரு பக்கம் போவுது. ரெண்டும் எங்கியாவது சந்திக்கும்னு பாக்குறேன். இருவது வருசமா பாத்துகினு கீறேன்."

ஆட்டோக்காரரின் தோள் குலுங்கியது. கரோலின் அவர் முதுகைப் பார்த்து, "நீ ரோட்ட பாத்து ஓட்டு நைனா" என்றாள். பிறகு ஜீனத்தின் பக்கம் திரும்பினாள். "இத்தினி வருசமா ஏன்டி சொல்லல? நல்லா கீது, நல்லா கீதுன்ன. ஒரு தெரியாத பொண்ணு கேமராவ தூக்கிகினு வந்தா சொல்லுவ, என்கிட்ட சொல்லமாட்ட?"

"அது கேட்டுச்சு. நீ கேக்கவே இல்லியே."

கரோலின் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். அவள் கோபப்பட்டிருந்தால்கூட ஜீனத் தாங்கியிருப்பாள். அப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டதைத் தாங்க முடியவில்லை.

"கோச்சிக்காத கரோலினு. நீ ராத்திரி பூரா செத்துப் பொழச்சி வர. துணிய ஒதறிகினு பாட்ற நேரந்தான் ஒன் மூஞ்சில ஒரு சிரிப்பு கீது. அத்த போயி நான் எப்டி கெடுப்பேன்? நீ என் மெஷின பத்தி அப்டி பேசிகிற, நான் ஒன்னிய பத்தி இப்டி பேசிகிறேன். எனக்கு அசிங்கமா கீது."

கரோலின் மெல்லத் திரும்பி, "அப்டியே நடிச்ச பாரு" என்றாள். "அந்தப் பொடவைய ஒதற்னது. நான் அப்டியா ஒதற்றேன்?"

"அப்டித்தான்."

"கண்ண அப்டியா செருகுவேன்?"

"இன்னும் கொஞ்சம் மேல போவும்."

கரோலினுக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துச் சிரித்து ஜீனத்தின் தோளில் ஓர் அடி வைத்தாள். வலித்தது. நர்ஸ் கை. ஜீனத்துக்கு அது போதும் போலிருந்தது. ஆட்டோக்காரரும் இனி அடக்க வேண்டியதில்லை என்று சத்தமாகவே சிரித்துவிட்டார்.

பிராங்கிளினுக்கு அவ்வளவு சுலபமாக மன்னிப்பு கிடைக்கவில்லை. அவரோடு ஒரு வாரம் எழுதிக்காட்டித்தான் பேச்சு.

மறுநாள் காலையில் கரோலின் பாடமாட்டாள் என்று தெரு எதிர்பார்த்தது. சிலர் கொஞ்சம் அதிகமாகவே எதிர்பார்த்தார்கள். அவள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாடியேறி, வழக்கத்தைவிடப் பலமாகப் பாடினாள். பாடி முடித்ததும் கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து, "எப்டி?" என்று கேட்டாள். இப்போது கேட்டுவிட்டதால் சொல்லித்தானே ஆக வேண்டும். "ரெண்டாவது வரியிலியே கழண்டுட்ச்சு!" என்று ஜீனத் கடையிலிருந்து கத்தினாள். "கம்முனு தெய்டி!" என்று மேலிருந்து பதில் வந்தது. அதுவே தினசரி ஆகிவிட்டது.

படம் இன்னும் சில இடங்களுக்குப் போனது. போகிற இடத்திலெல்லாம் அந்த இரண்டு அக்காக்களும் வருவார்களா என்று கேட்டார்கள். கரோலின் லீவு போட்டாள், ஜீனத் கடையைச் சாத்தினாள். படம் முடிந்ததும் கரோலின் பாடுவாள் என்பது அழைப்பிலேயே வர ஆரம்பித்தது. நாலு சரணம் வேண்டாம், இரண்டு போதும் என்று மோகனப்ரியா தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தாள். நடக்கவில்லை.

கடைசியாக ஒரு பெண்கள் கல்லூரியில் போட்டார்கள். கேள்வி நேரத்தில் ஒரு மாணவி எழுந்தாள். "ஜீனத் ஆன்ட்டி, படம் எடுத்து இவ்வளவு நாள் ஆச்சு. கரோலின் ஆன்ட்டி பாட்டு பத்தி உங்க கருத்து இப்ப மாறியிருக்கா?"

அறை ஜீனத்தைப் பார்த்தது. ஜீனத் கரோலினைப் பார்த்தாள். கரோலின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சொல்லு என்று தலையை ஆட்டினாள்.

ஜீனத் மைக்கை வாயருகே கொண்டுபோனாள். "இல்ல" என்றாள்.

முதலில் சிரித்தவள் கரோலின்தான். சிரித்து முடித்து, தண்ணீர் குடித்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, முதல் சரணத்தைத் தொடங்கினாள்.